நாடுகடத்தப்பட்ட பத்திரிகையாசிரியரும் சுள்ளி பொறுக்கும் உரிமையும்: கார்ல் மார்க்ஸ் வாழ்க்கை வரலாற்று விளக்கங்கள் குறித்துப் பாலக்காட்டுப் பகுதியிலிருந்து ஒரு வாசிப்பு

தமிழில் மார்க்ஸியம் வேரூன்றிய வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் சிங்காரவேலரிலிருந்து தொடங்குவர். அல்லது 1931ஆம் ஆண்டு ஈரோட்டுக் 'குடி அரசு' இதழில் வெளிவந்த கம்யூனிஸ்ட் அறிக்கையின் மொழிபெயர்ப்பிலிருந்து தொடங்குவர். இவ்விரு தொடக்கங்களும் பிழையல்ல. ஆயினும் இவற்றுக்கு ஏறத்தாழ இருபதாண்டுகளுக்கு முன்னரே, அன்றைய சென்னை மாகாணத்தின் மேற்குக் கோடியில், மலையாள மொழியில் கார்ல் மார்க்ஸின் வாழ்க்கை வரலாறு நூலாக வெளிவந்துவிட்டது. அந்நூலைத் தமிழ் ஆய்வுலகம் போகிறபோக்கில் ஓர் அடிக்குறிப்பாகச் சுட்டுவதோடு நின்றுவிடுகிறது. அது அண்டை மொழியின் உடைமை என்று கருதியதே இதற்குக் காரணம் எனலாம். அந்நூல் தோன்றிய சூழலையும், மார்க்ஸின் வாழ்வைப் பின்வந்த அறிஞர்கள் விளக்கிய முறைகளையும் ஒருசேர வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். இக்கட்டுரையாளர் பாலக்காட்டு மாவட்டத்தின் அட்டப்பாடிப் பள்ளத்தாக்கில், அகளியை ஒட்டிய பகுதியில் தமிழ் பயிற்றுவிப்பவர். இவ்வாய்வுக்கான வினா எழுந்த இடமும் அதுவே. அவ்வினா பின்னர் வரும்.

நாடுகடத்தலும் நூலாக்கமும்

'சுதேசாபிமானி' இராமகிருஷ்ண பிள்ளை 1878இல் நெய்யாற்றின்கரையில் பிறந்தவர். வக்கம் அப்துல் காதர் மௌலவி 1905இல் நிறுவிய 'சுதேசாபிமானி' இதழுக்கு 1906இல் ஆசிரியரானார். திருவிதாங்கூர் அரசின் ஊழல்களையும் திவான் பி. இராஜகோபாலாச்சாரியின் ஆட்சிமுறையையும் அவர் கடுமையாகக் கண்டித்தெழுதினார். 1910 செப்டம்பர் 26 அன்று அரச ஆணையால் அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது; ஆசிரியர் கைது செய்யப்பட்டு, திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால் திருநெல்வேலிக்குக் கொண்டுசெல்லப்பட்டு நாடுகடத்தப்பட்டார். தமிழ் நிலத்தில்தான் அவரது அயல்வாழ்வு தொடங்கிற்று என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பின்னர்ச் சென்னையிலும் பாலக்காட்டிலும் வாழ்ந்தார். பாலக்காட்டில் அவருக்கும் அவர்தம் மனைவியார் பி. கல்யாணி அம்மைக்கும் அடைக்கலம் தந்தவர் எழுத்தாளர் தரவத்து அம்மாளு அம்மை. இறுதியில் கண்ணனூர் சென்ற அவர் 1916 மார்ச் 28 அன்று, முப்பத்தெட்டு வயது நிறையுமுன்னரே மறைந்தார்.

இக்காலப் பகுதியில் அவர் வெளியிட்ட நூல்களின் வரிசை கருதத்தக்கது. 1911இல் தம் நாடுகடத்தலைப் பற்றிய நூல். 1912இல் பத்திரிகைத் தொழில் பற்றிய இலக்கண நூல். அதே 1912இன் ஆகஸ்டு மாதத்தில் கார்ல் மார்க்ஸின் வாழ்க்கை வரலாறு. தன் இதழை இழந்த ஓர் ஆசிரியர், முதலில் தான் இழந்ததை எழுதுகிறார். அடுத்து அத்தொழிலின் அறத்தை எழுதுகிறார். அதனையடுத்து, இதழ் தடைசெய்யப்பட்டு நாட்டுக்கு நாடு துரத்தப்பட்ட வேறோர் ஆசிரியரின் வாழ்வை எழுதுகிறார். மார்க்ஸ் 1842 அக்டோபரில் கொலோன் நகரத்து 'ரைன் செய்தித்தா'ளின் ஆசிரியரானவர். 1843இல் அவ்விதழைப் பிரஷ்ய அரசு தடைசெய்தது. 1845இல் பாரிஸிலிருந்தும், 1848இல் பிரஸ்ஸல்ஸிலிருந்தும், 1849இல் மீண்டும் பிரஷ்ய மண்ணிலிருந்தும் அவர் வெளியேற்றப்பட்டார். 'புதிய ரைன் செய்தித்தா'ளின் கடைசி இதழ் சிவப்பு மையில் அச்சிடப்பட்டது. இவ்வரலாற்றைப் பிள்ளை எழுதியபோது அவர் அயல்நாட்டு அறிஞர் ஒருவரை அறிமுகம் மட்டுமா செய்தார்? தம் வாழ்வுக்கு ஒரு முன்னோரைத் தேடிக்கொண்டார் என்று கொள்வதே பொருந்தும்.

அந்நூலுக்கு ஐந்து மாதங்களுக்கு முன், 1912 மார்ச்சில், கல்கத்தாவின் 'மாடர்ன் ரிவியூ' இதழில் லாலா ஹர்தயாள் ஆங்கிலக் கட்டுரை ஒன்றினை எழுதினார். மார்க்ஸைத் 'தற்கால ரிஷி' என்று அது பெயரிட்டது. ஹர்தயாள் மார்க்ஸின் வரலாற்றுப் பொருள்முதல் விளக்கத்தை முழுமையாக ஏற்றவரல்லர். மார்க்ஸின் வறுமையும் ஈகமுமே அவரை ஈர்த்தன. 'ரிஷி' என்னும் சொல்லே ஒரு விளக்கம்தான். பொருளியலைத் துறவு மரபுக்குள் கொண்டுவரும் விளக்கம் அது. இவ்விரண்டையும் தொகுத்து பி.சி. ஜோஷியும் கே. தாமோதரனும் 'மார்க்ஸ் இந்தியாவுக்கு வருகிறார்' என்னும் பொருள்படும் ஆங்கில நூலை 1975இல் வெளியிட்டனர். அதன் பின்னரே இவை ஆய்வாளர் கவனத்தைப் பரவலாகப் பெற்றன.

எது முந்தியது, யார் யாரைப் படித்தார் என்னும் வினாக்களில் நம் ஆய்விதழ்களுக்கு அளவிறந்த ஈடுபாடு உண்டு. 'முதல் நாவல்', 'முதல் சிறுகதை', 'முதல் அகராதி' என்று பக்கங்கள் நிறைகின்றன. மார்ச்சா ஆகஸ்டா என்பதைவிட, ஒரே ஆண்டில் ஒருவர் துறவியைக் காண, மற்றவர் பத்திரிகையாசிரியரைக் காண நேர்ந்தது ஏன் என்பதே பயனுள்ள வினா. ஹர்தயாள் அன்று அமெரிக்காவில் நாடற்றவராக, தம் வாழ்வைத் துறவாக வகுத்துக்கொள்ள முயன்றவர். பிள்ளையோ அச்சகத்தை இழந்தவர். ஒரு மனிதரின் வாழ்வை எழுதுபவர் தம் காயத்தின் வழியாகவே அதைத் தொடுகிறார்.

அவர்கள் அறிய முடியாத மார்க்ஸ்

இந்த இடத்தில் ஒரு நூல்வரலாற்றுச் செய்தியை அழுத்திச் சொல்லவேண்டும். 1912இல் ஓர் இந்திய வாசகருக்கு எட்டக்கூடிய மார்க்ஸ் எத்தகையவர்? ஆங்கிலத்தில் வில்லெம் லீப்னெக்ட்டின் நினைவுக்குறிப்புகள் 1901 முதல் கிடைத்தன. ஜான் ஸ்பார்கோ எழுதிய விரிவான வாழ்க்கை வரலாறு 1910இல் வெளிவந்திருந்தது. ஃபிரான்ஸ் மேரிங்கின் புகழ்பெற்ற வரலாறு 1918இல்தான் ஜெர்மனில் வந்தது. 1844ஆம் ஆண்டின் பொருளியல்–மெய்யியல் கையெழுத்துப்படிகள் 1932இல்தான் முழுமையாக அச்சேறின. வேரா சசூலிச்சுக்கு மார்க்ஸ் எழுதிய மறுமொழியும் அதன் வரைவுகளும் 1924இல்தான் வெளியாயின. மார்கன், மெய்ன், ஃபியர் முதலியோரின் நூல்களிலிருந்து மார்க்ஸ் எடுத்த இனவரைவியல் குறிப்பேடுகளை லாரன்ஸ் கிரேடர் பதிப்பித்தது 1972இல்.

ஆகவே பிள்ளையும் ஹர்தயாளும் அறிந்த மார்க்ஸ், மூலதனத்தை எழுதிய, வறுமையில் வாடிய, முதலாம் அகிலத்தை நடத்திய மார்க்ஸ். இருபத்தாறு வயது மெய்யியலாளரை அவர்கள் அறியார். ஐம்பது வயதைக் கடந்தபின் உருசிய மொழி கற்று, அறுபது வயதில் கிராமச் சமுதாயங்களை ஆராய்ந்த முதியவரையும் அறியார். இது அவர்தம் குறையன்று. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் மார்க்ஸிய அறிஞர் பூசல்கள் பலவும் உண்மையில் 'எந்த வயது மார்க்ஸ்?' என்னும் பூசல்களே என்பது இவ்வச்சு ஆண்டுகளை வரிசைப்படுத்தினால் தெளிவாகும்.

இளமை மார்க்ஸுக்கும் முதிர்ந்த மார்க்ஸுக்கும் இடையே ஓர் அறிவுத்தோற்ற முறிவு உண்டு என்று லூயி அல்தூசர் 1965இல் வாதிட்டார். அந்நியமாதலைப் பேசிய இளைஞரே உண்மை மார்க்ஸ் என்று மனிதநேய மார்க்ஸியர் வாதிட்டனர். தமிழில் எஸ்.வி. ராஜதுரையின் 'அந்நியமாதல்' இந்த இரண்டாம் போக்கை 1970களின் இறுதியில் வலுவாக அறிமுகப்படுத்தியது. கட்சி வெளியீடுகளின் வழியே மட்டும் மார்க்ஸைப் படித்திருந்த ஒரு தலைமுறைக்கு அந்நூல் ஒரு புதிய கதவு என்பது மிகையன்று.

ஈரோட்டில் கேட்கப்பட்ட கேள்வி

அட்டப்பாடியின் வழியே கிழக்கு நோக்கி ஓடும் பவானி, தமிழகத்துக்குள் சென்று ஈரோட்டுக்கு அருகே காவிரியில் கலக்கிறது. பிள்ளையின் நூலுக்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் அந்த ஈரோட்டிலிருந்து வேறொரு மார்க்ஸ் எழுந்தார். 1931 அக்டோபர் முதல் 'குடி அரசு' கம்யூனிஸ்ட் அறிக்கையின் தொடக்கப் பகுதியைத் தமிழில் தொடராக வெளியிட்டது. அதற்குத் தந்த அறிமுகத்தில் பெரியார் ஒரு வேறுபாட்டைச் சுட்டினார். பிற நாடுகளில் முதலாளி–தொழிலாளி என்னும் பிரிவு முன்னிற்கிறது. இந்தியாவில் மேல்சாதி–கீழ்சாதி என்னும் பிரிவு முன்னின்று, செல்வர்–வறியர் பிரிவுக்கே அரணாக அமைகிறது என்பது அதன் சாரம். மார்க்ஸின் வாழ்க்கையை எழுதாமல், மார்க்ஸின் பனுவலுக்கு முன் தம் நாட்டின் வாழ்க்கையை நிறுத்திக் கேட்ட கேள்வி அது. மலையாளத்தின் 1912ஐயும் தமிழின் 1931ஐயும் அருகருகே வைத்தால் இரு வாசிப்புமுறைகள் புலப்படும். ஒன்று வாழ்வைப் படித்தது. மற்றது பனுவலைச் சோதித்தது.

சிங்காரவேலர் இரண்டையும் செய்ய முயன்றவர். 1923இல் சென்னையில் மே நாளைக் கொண்டாடி, 1925 இறுதியில் கான்பூர்க் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய அவர், 1930களில் 'குடி அரசு' பக்கங்களில் மார்க்ஸை டார்வினோடும் அறிவியலோடும் சேர்த்து விளக்கினார். வெ. சாமிநாத சர்மாவின் 'காரல் மார்க்ஸ்' தமிழ் வாசகர்க்கு வாழ்க்கை வரலாற்றை இனிய நடையில் தந்தது. சர்மாவும் பத்திரிகையாளரே, இரங்கூனில் வாழ்ந்து 1942இல் போரின் காரணமாகக் கால்நடையாகத் தாயகம் திரும்பியவர். நா. வானமாமலை 1969இல் தொடங்கிய 'ஆராய்ச்சி' இதழும், ஈழத்தில் கைலாசபதி, சிவத்தம்பி ஆகியோரின் எழுத்துகளும் மார்க்ஸிய முறையியலை இலக்கிய ஆய்வில் நிலைநிறுத்தின. இவை யாவரும் அறிந்தவை, விரிக்க வேண்டா.

கோவை ஞானியின் பணியை மட்டும் சற்று நின்று நோக்கவேண்டியுள்ளது. அவரது 'இந்திய வாழ்க்கையும் மார்க்சியமும்' வெளிவந்தது 1975இல். மார்க்ஸின் வரலாற்று வளர்ச்சிக் கட்டங்களை இந்திய வாழ்வின்மேல் அப்படியே ஒட்டவைக்க இயலாது என்னும் எண்ணத்தைத் தமிழாசிரியர் ஒருவர், கோவையில் இருந்துகொண்டு, தமிழ் இலக்கியக் கல்வியின் உள்ளிருந்தே வளர்த்தெடுத்தார். பொதுமை உணர்வு தமிழ் மரபில் நெடிதோடுகிறது என்று அவர் பிற்காலத்தில் விடாது வலியுறுத்தியதில் மிகைப்பாடு உண்டென்றே இக்கட்டுரையாளர் கருதுகிறார். பட்டினப்பாலை கரிகாலனைப் புகழும்போது காட்டை அழித்து நாடாக்கியதைத்தான் பெருமையாகச் சொல்கிறது; அந்தக் காட்டில் இருந்தவர்கள் யார் என்று அது கேட்கவில்லை. எனினும் ஞானியின் வினா சரியான திசையில் எழுந்த வினா.

1842: விறகைப் பற்றிய விவாதம்

ரைன் மாநிலச் சட்டமன்றத்தில் விறகுத் திருட்டுச் சட்டம் பற்றி நடந்த விவாதத்தை ஆராய்ந்து, 1842 அக்டோபர் இறுதியிலும் நவம்பர் தொடக்கத்திலும் மார்க்ஸ் 'ரைன் செய்தித்தா'ளில் ஒரு கட்டுரைத் தொடரை எழுதினார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. எபிகூரஸ், டெமாக்ரிட்டஸ் ஆகியோரின் இயற்கை மெய்யியலை ஒப்பிட்ட முனைவர்ப் பட்ட ஆய்வை அதற்கு முந்தைய ஆண்டில்தான் முடித்திருந்தார். பண்டுதொட்டு ஏழைகள் காட்டில் உதிர்ந்த சுள்ளிகளைப் பொறுக்கிவந்தனர். அதனையும் திருட்டு என்று வரையறுக்க முற்பட்டது சட்டமன்றம். மார்க்ஸின் வாதம் பொருளின் இயல்பிலிருந்து தொடங்குகிறது. நிற்கும் மரத்தை வெட்டுபவன் உடைமையைத் துண்டிக்கிறான்; உதிர்ந்த சுள்ளியையோ மரமே துண்டித்துவிட்டது. பாம்புக்கும் அது கழற்றிய சட்டைக்கும் உள்ள தொடர்புதான் மரத்துக்கும் சுள்ளிக்கும். இரண்டையும் ஒரே சொல்லால் 'திருட்டு' என்று அழைக்கும் சட்டம் பொய் சொல்கிறது. பொய் சொல்லும் சட்டத்துக்கு ஏழை பலியாகிறான். அடுத்து அவர் வழக்குரிமைக்கு வருகிறார். எழுதப்பட்ட சட்டத்துக்கு வெளியே ஏழைகளுக்கென்று ஒரு வழக்காற்று உரிமை உண்டு என்றும், காட்டுடைமையாளரின் நலனையே அரசின் சட்டமாக்கி, அபராதத்தையும் அவரிடமே சேர்ப்பிப்பது அரசு தன் தகுதியை இழப்பதாகும் என்றும் வாதிடுகிறார்.

பொருளியல் வினாக்களை ஆராயத் தம்மை முதன்முதல் தூண்டியவற்றுள் இவ்விறகு விவாதமும் ஒன்று என்று 1859இல் எழுதிய முன்னுரையில் மார்க்ஸே குறிப்பிடுகிறார். ஆயினும் வாழ்க்கை வரலாற்றாசிரியர் பலரும் இதனைச் சில பத்திகளில் கடந்துவிடுகின்றனர். கட்சிசார் வரலாறுகளுக்கு இது 'இன்னும் முதிராத' எழுத்து. மனிதநேய மார்க்ஸியர்க்கு 1844 கையெழுத்துப்படிகளே போதுமானவை. ஜொனாதன் ஸ்பெர்பரும் (2013) கரெத் ஸ்டெட்மன் ஜோன்ஸும் (2016) மார்க்ஸைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குள் திரும்ப நிறுத்திய பெருநூல்களை எழுதினர். பிற்கால மார்க்ஸியத்தின் சுமையிலிருந்து அவரை விடுவித்தது அவற்றின் பயன். ஆனால் அந்நூற்றாண்டோடு அவரை முடித்துவிடும் இடர்ப்பாடும் அவற்றில் உண்டு. விறகுக் கட்டுரைக்கு உரிய இடத்தை அளித்தவர் வரலாற்றறிஞர் பீட்டர் லைன்போ. 1976இல் எழுதிய ஆய்வில் அவர் அக்கால ஜெர்மன் காடுகளின் பொருளாதாரத்தையும் ஏழைகளின் வாழ்முறையையும் கொண்டுவந்து சேர்த்து, மார்க்ஸின் கட்டுரை எதைக் கண்டது, எதைக் காணத் தவறியது என்று காட்டினார். தானியேல் பென்சாயித் 2007இல் பிரெஞ்சு மொழியில் எழுதிய சிறுநூல் இவ்விவாதத்தை இக்காலப் பொதுச்சொத்துப் பறிப்புகளோடு இணைத்தது.

இங்கே ஒரு தற்செயலான ஆண்டுப் பொருத்தத்தைச் சொல்லாமலிருக்க இயலவில்லை. விறகுக் கட்டுரையைக் கொண்ட மார்க்ஸ்–எங்கெல்ஸ் ஆங்கிலத் தொகுப்பின் முதல் மடலம் வெளிவந்தது 1975இல். இங்கிலாந்தின் காட்டுச் சட்டங்களைப் பற்றிய ஈ.பி. தாம்சனின் நூலும் 1975. இந்திய நிலவுடைமை குறித்துக் கோவலெவ்ஸ்கியின் உருசிய நூலிலிருந்து 1879இல் மார்க்ஸ் எடுத்த குறிப்புகளைக் கிரேடர் ஆங்கிலத்தில் தந்ததும் 1975. ஜோஷி–தாமோதரன் தொகுப்பும் ஞானியின் நூலும் அவ்வாண்டிற்குரியவை என்று மேலே கண்டோம். ஆதிவாசிகளிடமிருந்து கைமாறிய நிலங்களை மீட்டுத் தருவதற்கான சட்டத்தைக் கேரளம் இயற்றியதும் அதே 1975இல்தான். இவற்றுள் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமன்று. ஆனால் இவ்வாறும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே ஆண்டில் அச்சேறின என்பது, இவற்றைச் சேர்த்துப் படிக்கும் வேலை யாராலோ செய்யப்படாமலே இருந்தது என்பதை உணர்த்துகிறது.

அகளியிலிருந்து

1912இல் பாலக்காடும் அட்டப்பாடியும் ஒரே மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தவை. அட்டப்பாடி வள்ளுவநாடு வட்டத்தில் இருந்தது. நாடுகடத்தப்பட்ட பிள்ளை பாலக்காட்டில் தங்க முடிந்ததும் அது திருவிதாங்கூர் ஆட்சிக்கு வெளியே ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்ததனால்தான். அதே ஆட்சிதான் 1882ஆம் ஆண்டின் சென்னைக் காட்டுச் சட்டத்தையும் நடைமுறைப்படுத்தியது. அட்டப்பாடியின் காடுகள் பெரும்பாலும் மண்ணார்க்காட்டு மூப்பில் நாயர் முதலிய சென்மிகளின் உரிமையில் இருந்தன. இருளரும் முதுகரும் குறும்பரும் ஊர் மூப்பனின் தலைமையில், மண்ணுக்காரன் நாள் குறித்து விதைக்க, இடம் மாற்றி மாற்றிக் கேழ்வரகும் சாமையும் துவரையும் பயிரிட்டுவந்தனர். அவர்களுக்கு நிலம் இருந்தது. நிலத்துக்குப் பத்திரம் இல்லை. 1951இல் பள்ளத்தாக்கின் மக்களுள் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கினர் ஆதிவாசிகள். மேற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் குடியேற்றம் பெருகியபின் அவர்கள் பாதிக்கும் குறைவாயினர். கிழக்கிலிருந்து வந்தவர்கள் தமிழர்கள் என்பதையும் ஒரு தமிழ் ஆய்விதழில் மறைக்காமல் பதிவுசெய்வது முறை.

1971இல் கேரள அரசு தனியார் காடுகளைத் தன்வயமாக்கியது. சென்மி போனார், வனத்துறை வந்தது. 1975ஆம் ஆண்டு நிலமீட்புச் சட்டத்துக்கான விதிகள் 1986 வரை வகுக்கப்படவில்லை. 1999ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு ஹெக்டேர் வரையிலான கைமாற்றங்களை மீட்பிலிருந்து விலக்கி, ஆதிவாசிக்கு மாற்று நிலம் என்னும் ஏற்பாட்டைச் செய்தது. சட்டம் யாருடைய நலனைத் தன் நலனாகக் கொள்கிறது என்று இருபத்து நான்கு வயது ஆசிரியர் கேட்ட கேள்வியை இவ்வரலாற்றின் முன் வைத்துப் பார்க்கலாம்.

எனினும் மார்க்ஸை இங்கே கொண்டுவருவதற்கு ஒரு வலுவான தடை உண்டு. 1853இல் 'நியூயார்க் டெய்லி டிரிபியூன்' இதழில் இந்தியாவைப் பற்றி எழுதிய மார்க்ஸ், கிராமச் சமுதாயங்களைக் கீழைக் கொடுங்கோன்மையின் அடித்தளமாகக் கண்டார். அவற்றை அழித்த ஆங்கிலேயரை வரலாற்றின் அறியாக் கருவி என்றார். எட்வர்ட் சையத் 1978இல் இதனைக் கீழைத்தேயவியலின் பகுதி எனக் கண்டித்தார். ஐஜாஸ் அகமது 1992இல் அதனை மறுத்தார். இர்ஃபான் ஹபீப் மார்க்ஸின் இந்தியப் புரிதலை அதன் சான்றாதாரங்களோடு மதிப்பிட்டார். இவ்விவாதத்தில் சையத்தின் கண்டனத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. காட்டை நம்பி வாழ்ந்த மக்களுக்கு அவர்களது அழிவே முன்னேற்றத்தின் விலை என்று சொல்லும் எந்தப் பனுவலும் அட்டப்பாடியில் கசப்பாகவே ஒலிக்கும்.

ஆனால் 1853இல் மார்க்ஸுக்கு வயது முப்பத்தைந்து. அங்கே வாழ்க்கை வரலாற்றை நிறுத்திவிட்டால் அது பாதி வரலாறு. 1879இல் கோவலெவ்ஸ்கியின் நூலைப் படித்த மார்க்ஸ், பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் இந்தியாவிலும் அல்ஜீரியாவிலும் பொதுநிலவுடைமையை உடைத்த முறையைச் சினத்தோடு குறித்துக்கொண்டார். இந்திய நிலவுடைமையை ஐரோப்பிய நிலப்பிரபுத்துவம் என்று அழைத்த ஆசிரியரோடு முரண்பட்டார். ஹென்றி மெய்னின் நூலுக்கு எடுத்த குறிப்புகளில் ஏளனம் ததும்புகிறது. 1881 மார்ச்சில் சசூலிச்சுக்கு எழுதியபோது, மூலதனத்தில் தாம் விளக்கிய வளர்ச்சிப்போக்கின் வரலாற்றுக் கட்டாயம் மேற்கு ஐரோப்பாவுக்கு மட்டுமே உரியது என்றார். உருசியக் கிராமச் சமுதாயம் ஒரு புதிய வாழ்வின் தொடக்கமாகவும் அமையக்கூடும் என்றார். கெவின் ஆண்டர்சன் 2010இலும், மார்செல்லோ முஸ்டோ 2016இலும் வெளியிட்ட நூல்கள் இந்த முதிய மார்க்ஸை வரலாற்றின் நடுவே கொண்டுவந்தன. இருபத்து நான்கு வயதில் காட்டின் வழக்குரிமையில் தொடங்கிய சிந்தனை, அறுபது வயதில் பொதுநிலத்துக்குத் திரும்பியது எனலாம். இதனை நேர்கோடாக வரைவது மிகை. 1842இல் அவர் ஹெகலின் அரசுக் கோட்பாட்டை நம்பியவர், 1881இல் நம்பாதவர். ஆயினும் வினா திரும்பியது என்பது மறுக்க இயலாதது.

2018 பிப்ரவரியில் அகளிக்கு அருகேயுள்ள முக்காலியில், கடைகளில் அரிசி முதலியன திருடினார் என்று குற்றஞ்சாட்டி, காட்டில் வாழ்ந்துவந்த ஆதிவாசி இளைஞர் ஒருவரை ஒரு கும்பல் கைகளைக் கட்டி அடித்தது. அவர் உயிரிழந்தார். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காட்டுச் சிறப்பு நீதிமன்றம் பதினான்கு பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. ஒரு மரணத்தை ஒரு பனுவலுக்கு எடுத்துக்காட்டாக்குவது தகாது. ஆனால் அதன்பின் வகுப்பில் 'திருட்டு' என்னும் சொல்லை ஆசிரியரோ மாணவரோ முன்புபோல எளிதாகச் சொல்ல முடியவில்லை. இருளர், குறும்பர் குடும்பங்களிலிருந்து வரும் மாணவர்களுக்கு மார்க்ஸைப் பற்றி என்ன சொல்வது, எந்த வயது மார்க்ஸிலிருந்து தொடங்குவது என்பதே இக்கட்டுரைக்கு மூலமான வினா.

சொல்லும் உரிமையும்

கம்யூனிசம் என்பதற்குத் தமிழ் பல சொற்களை முயன்று பார்த்தது. அபேதவாதம், சமதர்மம் என்பவை 1930களில் வழங்கின, 'பொதுவுடைமை' நிலைத்தது. உடைமையை மறுக்கும் கோட்பாட்டுக்கு உடைமை என்னும் சொல்லையே ஈற்றில் வைத்துப் பெயரிட்டது நோக்கத்தக்கது. ஆனால் 1842இன் மார்க்ஸ் பேசுவது பொது 'உடைமை' பற்றியன்று. யாருடைய உடைமையும் ஆகாத ஒன்றைப் பயன்கொள்ளும் வழக்கைப் பற்றி. அதற்கு நம்மிடம் கலைச்சொல் இல்லை. வினைச்சொல் இருக்கிறது.

விறகுக் கட்டுரையின் சில பகுதிகளை வகுப்புக்காகத் தமிழாக்க முற்பட்டபோது இது புலனாயிற்று. ஜெர்மன் சட்டமன்றம் ஒரே சொல்லுக்குள் அடைக்க முயன்றதைத் தமிழ் தானாகவே பிரித்து வைத்திருக்கிறது. மரத்தை வெட்டுவர், கிளையை ஒடிப்பர், சுள்ளியைப் பொறுக்குவர். 'பொறுக்குதல்' என்னும் வினையிலேயே பொருள் முன்னமே விழுந்து கிடக்கிறது என்பது அடங்கியிருக்கிறது. மார்க்ஸ் பாம்புச்சட்டை உவமையைக் கொண்டு நிறுவ முயன்ற வேறுபாடு அவ்வொரு வினைச்சொல்லில் உண்டு. 'சுள்ளி திருடினான்' என்று எழுதிக் காட்டியபோது மாணவி ஒருத்தி, "ஐயா, அந்த வாக்கியம் தப்பு, சுள்ளியைத் திருட முடியாது, பொறுக்கத்தான் முடியும்" என்றாள். இலக்கணப் பிழை என்ற அளவில்தான் அவள் சொன்னாள்.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காட்டில் வாழ்வோர் மரபாகத் திரட்டிவந்த சிறு வன விளைபொருள்களின்மீது அவர்களுக்கு உடைமையுரிமை உண்டென ஏற்கிறது. அச்சட்டம் தரும் வரையறையில் மூங்கிலுக்கும் பிரம்புக்கும் தேனுக்கும் மெழுகுக்கும் நடுவே சுள்ளிவிறகும் பெயர் சொல்லி இடம்பெற்றுள்ளது. கொலோனில் அக்கட்டுரை அச்சேறி அப்போது 164 ஆண்டுகள் ஆகியிருந்தன.